ஹொங்கொங்கில் ஒரு பின்னேரம் கிடைத்தால்

கேள்வி கேட்டவர் கொழும்பில் கணக்காய்வு வேலை செய்பவர். அலுவலக விஷயமாக ஐந்து நாள் ஹொங்கொங் போகிறார், கடைசி நாள் பின்னேரம் மட்டும் கையில் இருக்கிறது. "அங்கே சிட்டி பல்கலைக்கழகத்தில் ஒரு கலைக்கூடம் இருக்கிறதாம். பழைய வரலாற்றையும் டிஜிட்டல் கலையையும் சேர்த்துக் காட்டுவார்களாம், படத்துக்கு நடுவிலேயே நம்மை நிற்க வைப்பார்களாம். டிஜிட்டல் என்றால் போனிலேயே பார்க்கலாமே, அதற்கு ஏன் போக வேண்டும்? நான் கலை படித்தவனும் இல்லை. போனால் எதைப் பார்ப்பது? கொழும்பில் இப்படி ஏதும் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

போங்கள். ஆனால் விமானம் ஏறுவதற்கு முதல் கொழும்பிலேயே ஒரு கல்லைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நானும் கலை படித்தவன் இல்லை. கொழும்பில் கண்காட்சிகளுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் விளக்கு, ஒலி, புரொஜெக்டர் பொருத்துவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. பள்ளிக்கூடங்களில் 'மல்டிமீடியா' என்பார்களே, அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவன். வேலை விஷயமாக மூன்று நான்கு தடவை ஹொங்கொங் போனபோது இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் சொல்வது ஓவிய விமர்சகர் பார்வை இல்லை. திரைக்குப் பின்னால் வயர் எங்கே போகிறது என்று பார்க்கிறவனின் பார்வை.

இடம் கண்டுபிடிப்பது சுலபம். கவ்லூன் டொங் ரயில் நிலையத்தில் இறங்கி, ஃபெஸ்டிவல் வோக் என்ற பெரிய கடைத்தொகுதி வழியாக நடந்தால் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வந்துவிடுவீர்கள். லாவ் மிங் வாய் கட்டடத்தின் 18ஆம் மாடி. கலைக்கூடத்தின் பெயர் இந்திரா அண்ட் ஹரி பாங்கா கலைக்கூடம்; அங்கே குடியேறிய இந்தியக் கப்பல் வணிகர் குடும்பத்தின் பெயர் அது. நுழைவு இலவசம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நூதனசாலை மாதிரி எப்போதும் ஒரே பொருளை வைத்திருக்கும் இடம் இல்லை இது. ஒரு கண்காட்சி சில மாதம் ஓடும், பிறகு எல்லாவற்றையும் கழற்றி அடுத்ததைக் கட்டுவார்கள். இடைப்பட்ட நாட்களில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். கிளம்புவதற்கு முதல் அவர்களுடைய தளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது போன் கேள்விக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது. நான்கு சுவரிலும் வான்கோவின் ஓவியத்தைப் பெருப்பித்து ஓடவிட்டு, பின்னணியில் வயலின் போட்டு, தரையில் நட்சத்திரம் சுழல விட்டுக் காசு வாங்கும் வணிகக் காட்சிகள் உலகம் முழுக்க நடக்கின்றன. அவற்றைப் போனில் பார்த்தால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. படம் பெரிதாகிறதே தவிர, பெரிதானதால் புதிதாக ஒன்றும் தெரிய வருவதில்லை. என் தொழில் அது என்பதால் சொல்கிறேன்: சுவரைப் பெரிய படத்தால் மூடுவது வாடகைக் கணக்கு. எத்தனை புரொஜெக்டர், எத்தனை நாள், அவ்வளவுதான். பார்க்கிறவர் வாயைப் பிளப்பார், போனில் ஒரு படம் எடுப்பார், வெளியே போய் தேநீர் குடிப்பார்.

படம் நம்மைச் சுற்றி இருப்பதும் புதுமை இல்லை. ரொபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787இலேயே வட்டச் சுவர் முழுக்க நகரக் காட்சி வரைந்து நடுவில் ஆளை நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். 1793இல் லண்டனில் அதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் திறந்தார்கள், மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். கரண்ட் இல்லாத காலம். ஆகவே சுற்றி நிற்கும் படம் என்பதற்காக மட்டும் கவ்லூன் வரை போகத் தேவையில்லை.

பல்கலைக்கழகக் கூடங்கள் வேறுபடுவது வேறு இடத்தில். அங்கே ஒரு கேள்வி முதலில் இருக்கும், திரை அதற்குப் பிறகு வரும். இதை விளக்க ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவற்றில் மனதை விட்டுப் போகாதது அது.

சீனாவின் வடமேற்கில், பாலைவன ஓரத்தில் துன்ஹுவாங் என்று ஓர் ஊர். பட்டுப் பாதையில் ஒட்டகக் கூட்டங்கள் தங்கிப் போன இடம். அதன் அருகே மோகாவ் மலைச்சரிவில் ஓவியமுள்ள குகைகள் 492 இருக்கின்றன, எல்லாம் பௌத்தக் குகைகள். ஓவியப் பரப்பு மட்டும் ஏறக்குறைய 45,000 சதுர மீட்டர். பிரச்சினை என்னவென்றால், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் மூச்சு விடுகிறார். மூச்சில் ஈரம் இருக்கிறது, கரியமில வாயு இருக்கிறது. ஈரம் ஏற ஏறச் சுவர்ப் பூச்சிலுள்ள உப்பு கரைந்து, காயும்போது மறுபடி படிகமாகி, வர்ணத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்த்துவிடும். ஆகவே நாளொன்றுக்கு 6,000 பேர் என்று அளவு வைத்து, 2014இல் பக்கத்தில் ஒரு டிஜிட்டல் நிலையம் கட்டி, முதலில் அங்கே படம் காட்டிவிட்டுத்தான் குகைக்கு அனுப்புகிறார்கள்.

இந்தக் குகைகளில் 220ஆம் இலக்கக் குகையை எடுத்துக்கொண்டுதான் ஊடகக் கலைஞர் ஜெஃப்ரி ஷோவும் டிஜிட்டல் அருங்காட்சியக ஆய்வாளர் சாரா கெண்டர்டைனும், குகைகளைப் பராமரிக்கும் துன்ஹுவாங் ஆய்வுக்கழகத்தோடு சேர்ந்து 'பியூர் லேண்ட்' என்ற வேலையைச் செய்தார்கள். 2012இல் சிட்டி பல்கலைக்கழகத்தில் வந்தது. ஷோ அப்போது அங்கே படைப்பூடகப் பள்ளியில் இருந்தார். வட்டத் திரை, 10 மீட்டர் விட்டம், ஏறக்குறைய 4 மீட்டர் உயரம். முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நின்றால் முதலில் இருட்டு. ஒருவர் கையில் டோர்ச் மாதிரி ஒன்றை வைத்துக் காட்டக் காட்ட, வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் சுவர் தெரியும். உண்மையான குகையிலும் அப்படித்தான், விளக்கோடு போனால் ஒரு துண்டு ஒரு துண்டாகத்தான் பார்க்க முடியும். அப்புறம் சுவர் முழுவதும் துலங்குகிறது. பூதக்கண்ணாடியை ஓவியத்தின் மேல் நகர்த்துவது போல ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓவியத்தில் ஆடுகிற பெண்களும் வாத்தியக்காரரும் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள வாத்தியங்கள் ஒவ்வொன்றாக முன்னே வந்து ஒலிக்கின்றன. பீஜிங்கிலிருந்து வந்த நடனக் கலைஞர்களை வைத்து அந்த ஆட்டத்தையும் ஆட வைத்துப் பதிந்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ஆட்டம் இல்லை, நிறம். துன்ஹுவாங் ஓவியங்களில் பல முகங்கள் கறுத்துப் போயிருக்கும். வரைந்தவர் கறுப்பாக வரையவில்லை. ஈயம் கலந்த வர்ணம் காலப்போக்கில் கறுத்துவிடும், அதுதான் காரணம். 220ஆம் குகை கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. 642ஆம் ஆண்டு ஓவியத்தின் மேல் பிற்காலத்தில் வேறு ஓவியம் பூசி மூடிவிட்டார்கள், 1940களில் மேற்பூச்சை எடுத்தபோது அடியிலிருந்தது வெளியே வந்தது. இவ்வளவையும் வைத்து, முதலில் எந்த நிறம் இருந்திருக்கும் என்று கணித்து, திரையில் பழைய நிறத்தை ஏற்றிக் காட்டுகிறார்கள். மங்கிய சுவர் மெல்ல மெல்லப் பச்சையும் சிவப்புமாக மாறுகிறது. குகைக்கே போனாலும் இதைப் பார்க்க முடியாது. இருக்கிற சுவரில் யாரும் வர்ணம் பூச மாட்டார்கள், பூசவும் கூடாது.

நான் போங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அசலிடம் போனாலும் கிடைக்காத ஒன்றை அந்தத் திரை தருகிறதா என்று பாருங்கள். தந்தால் நல்ல வேலை. இல்லாவிட்டால் விலை கூடிய சுவரொட்டி. கலை படிக்காதவருக்கும் இது விளங்கும். சொல்லப்போனால் கணக்காய்வாளருக்கு இன்னும் நன்றாக விளங்கும், ஏனென்றால் அடுத்த கேள்வி உங்கள் தொழில் கேள்வி: எது ஆதாரம், எது ஊகம்?

பழைய நிறத்தை ஏற்றிக் காட்டினார்களே, அது சான்றிலிருந்து வந்ததா, யாரோ ஒருவர் அழகாக இருக்கும் என்று வைத்ததா? அழிந்த கோபுரத்தைக் கணினியில் கட்டியிருந்தால், எந்தக் கல் வரைக்கும் கிடைத்தது, எதற்கு மேல் கற்பனை? கணினியில் பழமையை மீட்டுக் காட்டும் வேலைகளுக்கு 2006இலேயே 'லண்டன் சாசனம்' என்று ஒரு நெறி எழுதி வைத்தார்கள். ஆதாரத்தையும் ஊகத்தையும் பார்ப்பவர் பிரித்தறியும்படி காட்ட வேண்டும் என்பது அதில் முக்கியமான ஒன்று. நீங்கள் போகும் கண்காட்சியில் அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அங்கே நிற்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். பல்கலைக்கழகக் கூடத்தில் நிற்பது மாணவர்கள். காவலாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள், கேட்டால் கதைப்பார்கள். "இதில் நீங்கள் ஊகித்த பகுதி எது?" என்று ஒருவரைக் கேட்டேன். பதினைந்து நிமிடம் விடவில்லை, என் சாப்பாட்டு நேரம் போயே போய்விட்டது.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

கொழும்பு தேசிய நூதனசாலை உங்களுக்குத் தெரிந்த இடம்தான். கறுவாத்தோட்டத்தில் அந்த வெள்ளைக் கட்டடம், 1877 புத்தாண்டு தினத்தன்று திறந்தது. கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையாகப் போய், கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்த்து, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். அங்கே காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். தேதி 1409 பெப்ரவரி 15. சீன அரசரின் கப்பற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. கல்லைச் சீனாவிலேயே வெட்டி எழுதி, கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேலே இரண்டு டிராகன்கள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்ட தேனவரை நாயனாருக்குச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பக்கம். 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு சாமிக்குக் கூட, ஒரு சாமிக்குக் குறைய என்று இல்லை. கப்பல் வியாபாரம் தெரிந்த ஆட்கள்.

இந்தக் கல் 1911இல் காலியில் கிடைத்தபோது வாய்க்கால் ஒன்றுக்கு மூடியாகக் கிடந்தது. எத்தனை பேர் மிதித்துப் போனார்களோ, எழுத்து தேய்ந்துவிட்டது. நூதனசாலையில் நேரே முன்னால் நின்று பார்த்தால், கல்வெட்டு வாசித்துப் பழகாத கண்ணுக்குத் தமிழ் எழுத்து இருப்பதே உடனே தெரியாது. அரை நிமிடம் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள்.

இங்கேதான் டிஜிட்டல் என்ற சொல்லுக்கு உண்மையான வேலை வருகிறது. தேய்ந்த கல்லுக்கு ஒரு முறை இருக்கிறது. கல்லையும் கமராவையும் அசைக்காமல், விளக்கை மட்டும் நாற்பது ஐம்பது இடங்களுக்கு மாற்றி மாற்றிப் படம் எடுப்பார்கள். எல்லாப் படத்தையும் கணினி சேர்த்துக்கொள்ளும். பிறகு திரையில் நீங்கள் விளக்கை எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுவது போல மேடு பள்ளம் துலங்கும். 2001இல் எச்பி கணினி நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பிறந்த உத்தி. பின்னேர வெயில் சாய்ந்து விழும்போது கோயில் மதிலில் அதுவரை தெரியாத எழுத்து ஒன்று தெரியுமே, அந்தத் தந்திரம்தான். மேடையில் ஒரு முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டால் முகம் தட்டையாகிவிடும், பக்கத்திலிருந்து போட்டால்தான் மூக்கு வரும். இதை நான் இருபது வருடம் செய்திருக்கிறேன், கல்லுக்கும் அதுவேதான் என்று ஹொங்கொங்கில்தான் உறைத்தது.

ஆகவே ஒரு சனிக்கிழமை அந்தக் கல்லுக்கு முன்னால் ஆறுதலாகப் பத்து நிமிடம் நில்லுங்கள். ஓர் எழுத்தையாவது கண்டுபிடிக்கப் பாருங்கள். பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், குனிந்து பாருங்கள். டோர்ச் அடிக்க வேண்டாம், வம்பு. அந்த எழுத்துத் தேடிய எரிச்சலோடு ஹொங்கொங் கலைக்கூடத்துக்குள் நுழைந்தால், அங்கே இருக்கும் ஒவ்வொரு கருவியும் எந்த எரிச்சலுக்கு மருந்தாகப் பிறந்தது என்று உங்களுக்கே விளங்கும்.

கல்லைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் அதே கலைக்கூடத்தில் 'கடல்வழிப் பௌத்தத்தின் வரைபடம்' என்ற பொருளில் ஒரு கண்காட்சி நடந்தது. பௌத்தம் ஒட்டகப் பாதையால் மட்டும் சீனா போகவில்லை, இந்தியக் கரையிலிருந்து இலங்கை வழியாகக் கப்பலிலும் போனது என்ற லூயிஸ் லங்காஸ்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஆய்வை, ஷோவும் கெண்டர்டைனும் சுற்றுத்திரைகளில் கொண்டு வந்தார்கள். நான் பார்க்கவில்லை. அந்த வருடம் யார் எங்கே பறந்தது, வீட்டு வாசல் தாண்டவே பயந்த காலம். ஆனால் அந்தக் கதை நமக்குச் சொந்தக் கதை. நாகப்பட்டினத்தில் ஶ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக் கொடுத்தான். சீனத் துறவி பாஹியன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரத்தில் இரண்டு வருடம் தங்கினார். ஒரு நாள் புத்தர் சிலைக்கு யாரோ வணிகர் சீனத்து வெள்ளைப் பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்திருப்பதைக் கண்டு, ஊர் ஞாபகம் வந்து கண்ணீர் விட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். ஊரை விட்டு வந்து பல வருடம். ரொறன்ரோ கடையில் நெல்லிக்கிறஷ் போத்தலைக் கண்ட நம் ஆட்களைக் கேட்டால் அந்தக் கண்ணீர் என்னவென்று சொல்வார்கள்.

இனி உள்ளே போனபின் நடந்துகொள்வது பற்றி. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பரிமாணத் திரை என்றால் வாசலில் கண்ணாடி தருவார்கள். நம் இரண்டு கண்ணுக்கும் இடையில் ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி, ஆகவே ஒரே பொருளை இரண்டு கண்ணும் சற்று வேறாகப் பார்க்கின்றன. அந்த இரண்டு படத்தையும் தனித்தனியாகத் திரையில் போட்டு, கண்ணாடியால் பிரித்து, வலக்கண்ணுக்கு வலதும் இடக்கண்ணுக்கு இடதுமாகக் கொடுத்தால் மூளை ஆழத்தைத் தானே கட்டிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே மாட்டுங்கள். நடுவில் நில்லுங்கள். வட்டத்திரையில் படம் சரியாகக் கூடுவது நடுவில்தான், ஓரத்துக்குப் போகப் போகத் தூண் வளையும், சுவர் சாயும். தலை சுற்றினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கண் நகர்கிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்கிறோம் என்கிறது, இரண்டும் சண்டை பிடிக்கும்போது வயிறு குமட்டுகிறது. நுவரெலியா வளைவில் பஸ்ஸுக்குள் புத்தகம் வாசித்தவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி உங்கள் சப்பாத்தைப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் அடங்கும். சாப்பிட்ட கையோடு மட்டும் போகாதீர்கள்.

படம் எடுக்க ஆசை வரும். எடுத்தால் எல்லாம் இரட்டையாகத்தான் விழும். போனை வைத்துவிடுங்கள்.

பல வேலைகளில் ஒருவர் கையில்தான் கருவி இருக்கும், மற்றவர்கள் அவர் காட்டுவதைப் பார்க்க வேண்டும். முதலில் மற்றவர் பின்னால் நின்று பாருங்கள். சனம் போனபின் நீங்கள் கேட்டு வாங்குங்கள். கிழமை நாளில் பின்னேரம் என்றால் பெரும்பாலும் தனியாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள், இரண்டு வேலையைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். அங்கே அசல் பொருள்களும் வைப்பார்கள். 2019இல் லியனார்டோ டா வின்சி பற்றிய கண்காட்சிக்கு அவர் கையாலேயே வரைந்த தாள்கள் மிலானிலிருந்து வந்தன. சின்னத் தாள், மங்கல் வெளிச்சம், கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் பெரிய திரை மினுங்கும்போது அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். முதலில் அசலைப் பாருங்கள். திரையை முதலில் பார்த்துவிட்டால் பிறகு தாள் கண்ணுக்கு ஏறாது.

அப்புறம் முடிந்தால் கொஞ்சம் மேலே அண்ணாந்து புரொஜெக்டர்களைப் பாருங்கள். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது, உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். வட்டத் திரைக்கு ஒரு பெட்டி போதாது, ஆறு சோடி வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தப் பட்டையில் இரண்டு வெளிச்சமும் சேர்ந்து பளீரென்று கோடு போடும். ஆகவே இரண்டையும் அங்கே அளவாக மங்க வைத்து ஒட்டு தெரியாமல் செய்ய வேண்டும். கொழும்பில் ஒரு மண்டபத்தில் நான் இதைச் செய்யப் போய் நல்ல பாடம் படித்தேன். வாடகைக்கு எடுத்த நான்கு பெட்டியில் ஒன்றின் பல்ப் பழசு. மற்ற மூன்று சுவரும் வெள்ளை, அந்தச் சுவர் மட்டும் தேயிலைச்சாயம். திறப்பு விழாவில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று தாயிடம் உரத்துக் கேட்டது: "அம்மா, அந்தச் சுவருக்கு மட்டும் ஏன் செங்கமாரி?" சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்தக் கலைக்கூடத்துக்குப் போனாலும் முதலில் ஒட்டைத்தான் தேடுகிறேன். சிட்டி பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது.

நேரம் மிஞ்சினால் அதே பல்கலைக்கழகத்தின் படைப்பூடக நிலையக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். டேனியல் லிபெஸ்கிண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 2011இல் திறந்தது. நேரான சுவர் ஒன்று இல்லை, கல்லை உடைத்துப் போட்டது மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்கலாம்.

இந்தத் துறையின் பலவீனம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், சிநேகிதர்கள் சொல்லமாட்டார்கள். ஷோ 1989இல் 'வாசிக்கக்கூடிய நகரம்' என்ற பொருளில் ஒரு வேலை செய்தார். அசையாத சைக்கிள் ஒன்றில் ஏறி மிதித்தால், முன்னால் திரையில் வீடுகளுக்குப் பதில் பெரிய பெரிய எழுத்துக்கள் நிற்கும் தெருவில் போகலாம். போகப் போக வாக்கியம் வாசிக்கலாம், திரும்பினால் கதை மாறும். அருமையான யோசனை. ஆனால் அது ஓடியது அந்தக் காலத்துச் சிலிக்கன் கிராஃபிக்ஸ் கணினியில். அந்தக் கணினி போய்விட்டது, கம்பனியும் போய்விட்டது. இன்றைக்கு அந்தச் சைக்கிளை மிதிக்க வேண்டுமானால் யாராவது புதிய கணினிக்கு நிரலை மாற்றி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். காலிக் கல்லோ வாய்க்கால் மூடியாகக் கிடந்தும் 600 வருடம் தாண்டிவிட்டது. பதிவு வேறு, பாதுகாப்பு வேறு. ஒன்றைப் படம் பிடித்து வைத்துவிட்டோம், இனி அசல் போனாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த இனம் நாங்கள், படியெடுத்து வைப்பதன் அருமையும் எங்களுக்குத் தெரியும். 2005இலிருந்து நூலகம் என்ற எண்ணிம நூலகம் செய்கிற வேலை அதுதானே. ஆனால் அங்கேயும் வட்டுக்கள் பழுதாகும், யாரோ ஒருவர் இராத்திரி இருந்து பிரதி எடுக்கிறார்.

கொழும்பில் உண்டா என்றும் கேட்டீர்கள். அப்படியே அதே மாதிரி வட்டத்திரையோடு ஒரு பல்கலைக்கழகக் கூடத்தை நான் இங்கே கண்டதில்லை. துண்டு துண்டாக உண்டு. ஹோர்ட்டன் பிளேசில் கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்தின் ஜே.டி.ஏ. பெரேரா கலைக்கூடம் இருக்கிறது. மாணவர் கண்காட்சி நடக்கும் நாளில் போனால் நல்ல விஷயம் அகப்படும். கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் வந்திருக்கிறது. விளக்கப் பலகை தமிழிலும் இருக்கும், அதுவும் ஒழுங்கான தமிழில். எனக்கு அது ஒன்றே போதும். கோளரங்கத்தை மறந்துவிட்டோம், 1965இல் திறந்த அந்தத் தாமரைக் கூரை. கூரை முழுக்க வானம், கழுத்து நோக நோகப் பார்ப்போம், பக்கத்திலிருப்பவன் கிள்ளுவான். சுற்றித் திரை என்றால் கொழும்புப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் அனுபவம்.

ஆனால் என்னைக் கேட்டால் பொரளையில் கோதமி விகாரைக்குப் போங்கள். நம் ஊர் ஓவியர் ஜோர்ஜ் கீட் 1939, 1940இல் வரைந்த சுவர்கள். புத்தர் வாழ்க்கை, ஆள் உயர உருவங்கள், தடித்த கோடு. நடந்துகொண்டே பார்க்க வேண்டும், ஒரே இடத்தில் நின்று முழுவதையும் பார்க்க முடியாது. திரும்பினால் இன்னொரு முகம் உங்களைப் பார்க்கும். கரண்ட் போனாலும் ஓடுகிற காட்சி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போங்கள்.

எனக்குள்ள ஆசை வேறு. ஹொங்கொங்கில் பழைய குங்பூ ஆசான்களின் உடம்பில் குறிகள் ஒட்டி, சுற்றிலும் கமரா வைத்து, ஒவ்வொரு அசைவையும் எலும்புக்கூடு மாதிரிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்த வேலையிலும் ஷோவும் கெண்டர்டைனும் உண்டு, தொடங்கியது 2012இல். ஆசான் போனாலும் கால் எங்கே வைத்தார், இடுப்பை எப்போது திருப்பினார் என்பது இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு மட்டக்களப்பில் கூத்துப் பழக்கிய ஒரு அண்ணாவியார் ஞாபகத்துக்கு வந்தார். வடமோடி ஆட்டத்தில் ஒரு தாளத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அவர் உடம்பு ஒரு கணம் நிற்கும், எந்த வீடியோவிலும் அது விழவில்லை. நான் எடுத்த வீடியோவிலும் இல்லை, பக்கத்திலிருந்து எடுக்காமல் முன்னாலிருந்து எடுத்துவிட்டேன். அவர் இப்போது இல்லை.

நூதனசாலைக்குப் போகும்போது பின்னேரம் மூன்று மணிக்குப் பிந்தாமல் போங்கள், கடைசி அரை மணித்தியாலத்தில் ஆளை வாசல் பக்கம் தள்ளத் தொடங்கிவிடுவார்கள். ஹொங்கொங்கில் அந்த நேரம் என்ன ஓடியது என்று திரும்பி வந்து சொல்லுங்கள். முக்கியமாக, திரையில் ஒட்டு தெரிந்ததா என்று.